புகார் எழுதும் மேசை

எங்கள் கல்லூரியில் முதல்வர் அறைக்கு எதிர்ச்சுவரில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. மாதம் ஒருமுறை திறப்போம். காண்டீன் சாம்பார், விடுதி மோட்டார், நூலகத்தில் சுற்றாத மின்விசிறி என்று சீட்டுகள் விழுந்திருக்கும். பாலியல் சீண்டல் பற்றி ஒரு சீட்டும் இருக்காது. அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஆட்கள் நடமாடும் வராந்தாவில் நின்று எந்தப் பெண் அப்படியொரு காகிதத்தை மடித்துப் போடுவாள்?

புகார் வேறு வழிகளில் வரும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தவள் வாங்கிய பிறகும் நகராமல் நிற்பாள். விடுதிச் சமையலறை அக்கா, "அந்தப் பிள்ளை ரெண்டு நாளா சாப்பிட வரல டீச்சர்" என்பார். எல்லா வகுப்புக்கும் ஒழுங்காக வரும் ஒருத்தி ஒரே ஒரு செய்முறை வகுப்பை மட்டும் தொடர்ந்து தவறவிட்டிருப்பாள். அட்டென்டன்ஸ் குறைந்ததற்கு விளக்கக் கடிதம் கொடுக்க வந்த இடத்தில் அழுதுவிடுவாள். எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் வேதியியல் ஆசிரியை. சட்டம் படித்தவள் அல்ல. உள்ளகப் புகார்க் குழுவின் தலைவராகப் பெண் ஒருவர், அதுவும் மூத்த நிலையில் இருப்பவர் இருக்க வேண்டும் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. மூத்த ஆசிரியர்கள் இன்னமும் இதை "விசாகா கமிட்டி" என்றுதான் சொல்கிறார்கள். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதைத் தொடர்ந்து போடப்பட்ட பொதுநல வழக்கில், 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பெயர் அது. கேரியரில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள் அனைவருக்குமான பாதுகாப்பு, பட்டேரி கிராமத்துப் பெண் ஒருவர் வாய்திறந்து புகார் சொன்னதிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு ஜூனிலும் புது மாணவிகளுக்குச் சொல்கிறேன். அவர்கள் எந்த முகபாவமும் இல்லாமல் கேட்டுக்கொள்கிறார்கள். தேவைப்படும்போது நினைவு வரட்டும்.

இங்கே நான் சொல்லும் விவரங்கள் எந்த மாணவியையும் அடையாளம் காட்டாதபடி மாற்றிக் கலக்கப்பட்டவை. சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. கேட்காவிட்டாலும் அப்படித்தான் எழுதுவேன்.

புகார் குழுவுக்கு வருவதற்கு முன்பே ஒருத்தி அதைக் கேட்டிருப்பாள்: அறைத்தோழி. நாங்கள் நடத்தும் கருத்தரங்குகளில் எல்லாம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத்தான் அறிவுரை சொல்கிறோம். தோழிக்கு எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது அவளுக்குத்தான். நடந்த அன்று இரவே அவளிடம் சொன்ன ஒரு வரி, அவளுக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு, பின்னால் விசாரணையில் எவ்வளவு எடை பெறும் என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே விடுதிக் கூட்டங்களில் தோழிகளிடம் பேசுகிறேன். கேட்டதைக் கேட்டபடி மனதில் வை. எப்போது சொன்னாள் என்று குறித்துவை. "விட்டுத் தள்ளுடி" என்றும் சொல்லாதே, "இப்பவே போய் அவனைக் கேக்குறேன்" என்றும் கிளம்பாதே. வகுப்பு குரூப்பில் ஒரு எழுத்தும் போடாதே. சாப்பிட வை. அவள் வருவதாக இருந்தால் கூட வா.

முதல் பேச்சுக்கு ஆசிரியர் அறை உதவாது. என் துறை அறையும் உதவாது. யார் எந்த அறைக்குள் போனார்கள் என்று ஆய்வக உதவியாளர் முதல் அட்டெண்டர் வரை எல்லோருக்கும் தெரியும். நூலகத்தில் பழைய சஞ்சிகைகள் வைத்திருக்கும் அறை மாலையில் காலியாக இருக்கும். அங்கே யார் போனாலும் கேள்வி வராது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர் பாட்டில். மேசைக்கு அந்தப்புறம் நான், இந்தப்புறம் அவள் என்று உட்கார்ந்தால் வைவா மாதிரி ஆகிவிடும். மேசையின் மூலையில் பக்கம் பக்கமாக உட்கார்வோம். கதவுப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் என்னைத் தாண்டிப் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

அவள் வாய் திறப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி விசித்திரமாக இருக்கும்.

"உனக்கு எத்தனை வயசும்மா?"

முதலாமாண்டு மாணவிகளில் பதினெட்டு முடியாதவர்கள் உண்டு. பதினேழு வயதுப் பெண் என்றால் போக்சோ சட்டம் வந்துவிடும். விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவர் மறைத்தால் அதிகம். அதை அவள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகம். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்லப்போறது இந்த மாதிரி விஷயமா இருந்தா நான் போலீஸ்ல சொல்லியாகணும். அது உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. அதுக்கப்புறம் உன்கூட யாரு இருப்பாங்க, என்ன நடக்கும்னு சொல்றேன். கேட்டுட்டு முடிவு பண்ணு." பெண் காவல் அதிகாரி சீருடை இல்லாமல் அவள் இருக்கும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் பயம் பாதி இறங்கும்.

பதினெட்டு முடிந்தவளாக இருந்தால் முடிவு முழுக்க அவளுடையது. குழுவுக்கு மட்டும் புகார் கொடுக்கலாம். காவல் நிலையத்துக்கு மட்டும் போகலாம். இரண்டும் செய்யலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம், எல்லை பார்க்கத் தேவையில்லை. போலீஸுக்குப் போக விரும்பினால் உதவ வேண்டியது கல்லூரியின் கடமை என்று 2013 சட்டமே சொல்கிறது. "காலேஜ் பேரு கெட்டுடும்மா" என்று சொல்ல எங்களில் ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அந்த நபரை அந்த அறைக்குள் விடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. காப்பாற்ற முடியாத வாக்கு அது. யார் யாருக்குத் தெரியவரும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டுகிறேன்: குழு உறுப்பினர்கள், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள், அறிக்கையைப் பெறும் முதல்வர். பெற்றோர் பெயர் அந்தத் தாளில் இல்லை என்று பார்த்ததும்தான் பலருக்கு மூச்சு வரும். நம் பிள்ளைகளின் பயம் பாதி அங்கே இருக்கிறது. "வீட்ல தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க மேம்." அந்தப் பயம் பொய்யல்ல. பதினெட்டு முடிந்தவளின் வீட்டுக்கு அவளைக் கேட்காமல் நான் போன் செய்வதில்லை. விடுதி வார்டன்களுக்கு இது பிடிப்பதில்லை.

இனி எழுதுவது. என்னைக் கேட்டால் குழுவின் வேலையில் முக்கால்வாசி இந்த மேசையில் முடிந்துவிடுகிறது. விசாரணையில் பின்னால் யாரும் சாதித்துவிட முடியாத ஒன்றை இங்கே சாதிக்கலாம், யாரும் திருத்த முடியாதபடி இங்கே கெடுக்கவும் செய்யலாம். புகார் எழுத உதவ வேண்டும் என்று சட்டத்தின் 9ஆம் பிரிவு குழுவைப் பணிக்கிறது. அந்த உதவி எப்படி என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை.

தானாக எழுதிக்கொண்டு வருபவர்களின் கடிதம் பெரும்பாலும் ஒரே அச்சு. அனுப்புநர், பெறுநர், பொருள். "மதிப்பிற்குரிய அம்மா, மேற்கண்ட ஆசிரியர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி." பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதத்துக்குக் கற்றுக்கொடுத்த அச்சு. இதற்கு எதிராளி ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம்: "நான் அப்படி நடந்துகொள்ளவில்லை." அதோடு கதை முடிந்தது.

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு நோட்டுகள் உண்டு. அப்சர்வேஷன் நோட்டில் பார்த்ததைப் பார்த்தபோதே எழுத வேண்டும். அமிலம் சிந்திய கறை இருந்தாலும் பரவாயில்லை, அழிப்பான் மட்டும் ஆகாது. தவறை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டு அதை ஒழுங்குபடுத்திய பிரதி. புகாருக்கும் அப்படியே இரண்டு தாள் வைக்கிறேன். முதல் தாளில் அவள் சொல்லும் வரிசையில், அவள் சொல்லும் சொற்களில். நேற்று நடந்ததில் தொடங்கி ஆறு மாதம் பின்னால் போய், நடுவில் அவருடைய கார் நிறத்தைச் சொல்லி, மறுபடி நேற்றுக்கு வருவாள். வரட்டும். அதிர்ச்சியில் இருப்பவரின் நினைவு கடிகார வரிசையில் வராது. "வரிசையா சொல்லும்மா" என்று இடைமறித்தால் அந்தக் கார் நிறம் தொலைந்துபோகும்.

இரண்டாவது தாளில் தேதி வரிசை. நினைவில்லாத தேதிகளைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. "செமஸ்டர் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னயா, பின்னயா?" "இரண்டாம் இன்டர்னல் முடிஞ்சிருந்துச்சா?" "அன்னிக்கு எப்படி வீட்டுக்குப் போனே?" ஒருத்தி அன்று பேருந்தை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போயிருந்தாள். ஆட்டோவுக்கு ஜிபேயில் பணம் போட்ட தகவல் போனில் இருந்தது. தேதியும் கிடைத்தது, மாலை மணியும் கிடைத்தது. இவ்வளவு தேடியும் கிடைக்காத தேதிக்கு "நினைவில்லை" என்றே எழுதுகிறோம். குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டு, அன்று அவர் வெளியூர்க் கருத்தரங்கில் இருந்ததாகப் பயணப்படிச் சீட்டோடு வந்து நின்றால், உண்மையான மற்ற வரிகளும் சேர்ந்து சரியும்.

"இடுப்புல கை வச்சாரு" என்று அவள் சொன்னால் தாளிலும் இடுப்பில் கை வைத்தார் என்றே இருக்கும். "பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்" என்று நான் மாற்றி எழுத மாட்டேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று முடிவு செய்வது பின்னால் குழுவின் வேலை. எந்த அறை, கதவு எப்படி இருந்தது, யார் எங்கே நின்றார்கள், அவர் சொன்ன வாக்கியம் என்ன, அதன் பிறகு அவள் என்ன செய்தாள். உடல் சார்ந்த விவரத்தை ஒருமுறைதான் கேட்பேன். எழுதிக்கொண்டுவிட்டால் மறுபடி அவள் வாயால் சொல்லவைக்கத் தேவையில்லாதபடி எழுதிக்கொள்ள வேண்டும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி அந்த மேசையில் கிடையாது. ஏன் அந்த நேரத்துக்குப் போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை. இவற்றை ஊரே கேட்கும். நானும் கேட்க வேண்டியதில்லை.

மாணவிகள் மறைக்க விரும்பும் ஒரு விஷயம் உண்டு. அவரிடமிருந்து வந்த செய்திகளுக்கு இவள் போட்ட பதில்கள். "தேங்க்ஸ் சார்" என்று சிரிக்கும் பொம்மையோடு. ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து. அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலை "குட் மார்னிங் சார்." இவற்றை அழித்துவிட்டு வரலாமா என்று கேட்பார்கள். நான் அவற்றைப் புகாரிலேயே சேர்க்கச் சொல்கிறேன். எதிர்த்தரப்பு எப்படியும் அவற்றை எடுத்துக்கொண்டு வரும். வரும்போது அது இவள் மறைத்த ஒன்றாக இருக்கக் கூடாது. அந்த வரிக்குக் கீழேயே காரணத்தையும் அவள் சொல்லில் எழுதுவோம்: "இன்டர்னல் மார்க் அவர்தான் போட வேண்டும்." குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் யாரிடமோ இன்டர்னல் மார்க் வாங்கியவர்கள்தான்.

ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் மட்டும் தெரியும்படி, தேதி வெட்டுப்பட்டு, நடுவில் நாலு செய்தி விடுபட்டு எடுத்திருப்பார்கள். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும். எண் தெரிய வேண்டும். சேமிப்பதற்கு முன் பிளாக் செய்யவோ அழிக்கவோ கூடாது. போனை மாற்றவும் கூடாது. காவல்துறைக்குப் போனால் அசல் போனைக் கேட்பார்கள்.

எழுதி முடித்ததும் நானே சத்தமாகப் படிக்கிறேன். அவள் திருத்துவாள். திருத்தங்களை அழிப்பதில்லை, அடித்து எழுதிச் சுருக்கொப்பம். பெரும்பாலும் அன்றே கையெழுத்து வாங்குவதில்லை. ஒரு இரவு தூங்கி எழட்டும். ஆனால் நாள் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இரவைக் கொடுப்பேன். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர் சம்பவம் என்றால் கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும். காரணம் எழுதிவைத்து இன்னொரு மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். அதற்கு மேல் வழியில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர் மீது ஓர் ஆசிரியை கொடுத்த புகார், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் எடுபடாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் பணிக்குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது, அது வேறு. ஆனால் புகாரின் உள்ளே என்ன இருந்தது என்ற விசாரணைக்கு வழி அடைபட்டுவிட்டது. சட்டம் பயிற்றுவிக்கும் இடத்திலேயே இதுதான் நிலை என்றால், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தேதி யார் சொல்லித்தருவது? பயந்து, யோசித்து, அம்மாவிடம் சொல்லலாமா என்று குழம்பி ஒரு பெண் கழிக்கும் காலம் மூன்று மாதத்தை எளிதாகத் தாண்டும். இந்தக் கெடுவை நான் நியாயமானது என்று நினைக்கவில்லை. மாறும்வரை காலண்டர்தான் துணை.

கையெழுத்தானதும் ஆறு பிரதி. பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு அவள் கையில்.

புகார் கொடுத்த மறுநாள் காலை அவள் எந்த வகுப்பில் போய் உட்கார்வாள்? புகார்க் குழுக்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. விசாரணைக்குத் தொண்ணூறு நாள் இருக்கிறது. அந்தத் தொண்ணூறு நாளும் அவர் அவளுக்குப் பாடம் எடுத்து, அட்டென்டன்ஸ் போட்டு, செய்முறைத் தேர்வில் எதிரே நிற்பார் என்றால் புகார் கொடுத்ததற்கு அவளே தண்டனை அனுபவிக்கிறாள் என்றாகிவிடும். 2016இல் அரசிதழில் வந்த யு.ஜி.சி. விதிமுறைகள் இதற்குத் தெளிவாக வழி சொல்கின்றன. அவளுடைய தேர்வையோ ஆய்வையோ அவர் மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். விலகி இருக்கும்படி எச்சரிக்கலாம். வளாகத்துக்குள் வரவே தடை போடலாம். அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். நடைமுறையில் நிர்வாகத்துக்குச் சட்டென்று கைக்கு வருவது அந்தக் கடைசி வழிதான்: "பிள்ளைய கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிடலாமே மேடம்." அவள் கேட்டால் விடுப்பு. கேட்காதவரை நகர வேண்டியவர் அவர்தான். என் இடைக்காலப் பரிந்துரைக் கடிதம் புகார் வந்த அன்று மாலைக்குள் முதல்வர் மேசைக்குப் போய்விடும். அதில் "தகுந்த ஏற்பாடு செய்யவும்" என்று எழுதுவதில்லை. எந்தத் தாளை யார் திருத்த வேண்டும், எந்தப் பிரிவுக்கு எந்த ஆசிரியர் போக வேண்டும் என்று கால அட்டவணையையே எழுதி இணைக்கிறேன்.

ஆராய்ச்சி மாணவிகள் விஷயம் இதைவிடச் சிக்கல். இளங்கலை மாணவிக்கு ஆறு ஆசிரியர். ஸ்காலருக்கு ஒரே கைடு. உதவித்தொகைக் காகிதத்துக்கு அவர் கையெழுத்து, டாக்டரல் கமிட்டியைக் கூட்ட அவர் கையெழுத்து, கட்டுரை அனுப்ப அவர் சம்மதம், வேலைக்கு விண்ணப்பித்தால் அவர் பரிந்துரை. ஊரில் "எப்ப முடிக்கப்போறே" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாலாவது ஆண்டில் கைடை மாற்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எழுதிய அத்தியாயங்கள் யாருடையவை, ஆய்வகத்துக் கருவி யார் திட்டத்தில் வாங்கியது, பாதி முடிந்த கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை எல்லாம் புதிய கைடு வருவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். நான் முதலில் போவது ஆராய்ச்சிப் புலத் தலைவரிடம். உதவித்தொகைச் சான்றில் கையெழுத்திட வேறொருவரை நியமிக்கச் சொல்லி. ஒரு மாதம் பணம் வராமல் போனால் விடுதி வாடகை நிற்கும். வாடகை நின்றால் புகாரைத் திரும்பப் பெறுவாள். திரும்பப் பெறும் கடிதங்கள் பலவற்றின் பின்னால் சமரசமும் இருக்காது, மனமாற்றமும் இருக்காது. இப்படி ஏதாவது ஒரு நின்றுபோன பணம் இருக்கும்.

2025 ஜூலையில் ஒடிசாவின் பாலேஸ்வரில், பக்கீர் மோகன் தன்னாட்சிக் கல்லூரி மாணவி ஒருவர் தன் துறைத்தலைவர் மீது புகார் கொடுத்த சில நாட்களில், கல்லூரி வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிறகு மருத்துவமனையில் இறந்துபோனார். அங்கேயும் ஒரு குழு இருந்தது. விசாரித்து அறிக்கையும் கொடுத்திருந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் குழு கூடியபோது வழக்கமான பொருள் எதையும் பேசவில்லை. புகார் கொடுத்தவளை முதல் இரண்டு வாரம் தினமும் யார் பார்க்கிறார்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் பேசினோம். அன்று முதல் ஒவ்வொரு புகாருக்கும் எங்களில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். விசாரணையைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. சாப்பிட்டாளா, தூங்கினாளா, இன்று எந்த வகுப்புக்குப் போனாள். நிலைமை கனமாகத் தெரிந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவது. இரவில் தனியே இருக்கும்போது அழைக்க 14416, டெலி-மானஸ், தமிழிலேயே பேசலாம். 181 பெண்கள் உதவி எண். மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ உதவி, சட்ட உதவி, தங்குமிடம் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்த எண்களைச் சுவரொட்டியில் ஒட்டுவதைவிட அவள் போனில் நம் முன்னாலேயே பதிந்துகொள்ளச் செய்வது மேல்.

புகாருக்கு உள்ளானவர் பக்கம் வருகிறேன். நான் அவருக்கு எல்லாக் காகிதங்களையும் கொடுக்கிறேன், கேட்ட அவகாசத்தைக் காரணம் இருந்தால் கொடுக்கிறேன் என்று பெண்கள் அமைப்பு நண்பர்கள் சிலருக்கு என் மேல் வருத்தம். கோவா பல்கலைக்கழக வழக்கை அவர்களுக்குச் சொல்வேன். 2009இல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு விசாரித்தது, அடுத்த ஆண்டு அந்தப் பேராசிரியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தது. அவர் குற்றமற்றவர் என்பது காரணமல்ல. குழு அவசரப்பட்டு, தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பதுதான் காரணம். விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, கல்யாணமாகி எங்கோ இருக்கும் அந்த மாணவிகளை மறுபடி அழைத்து, அதே சம்பவத்தை மறுபடி சொல்லச் சொன்னால்? குழு காட்டிய அவசரத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் அவர் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டார் என்ற சான்று என் கோப்பில் இருக்கும். அது அவளுக்கான பாதுகாப்பு.

இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பதில்லை. அவர் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதிக் கொடுப்பார். நான் படித்துக் கேட்பேன். அவள் குணத்தைப் பற்றிய கேள்விகளை ஏன் கேட்கவில்லை என்று காரணத்தோடு பதிவு செய்வேன். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. குற்றவியல் நீதிமன்றம் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். துறைத்தலைவர், டீன், பதிவாளர் போன்றோர் குழுவில் இருக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தலில் வர வேண்டும் என்பதும் விதி. பல இடங்களில் ரேங்க் வாங்கும் பிள்ளைகளை ஹெச்.ஓ.டி. பெயர் சொல்லி நியமித்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர் ஹெச்.ஓ.டி. முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். தேர்தலில் வந்த ஒரு முதுகலை மாணவி எங்கள் விசாரணை ஒன்றில் கேட்ட கேள்வி: "அந்த ரூம்ல அன்னிக்கு ஏசி ஓடுச்சா?" ஏசி ஓடினால் கதவு சாத்தியிருக்கும். ஆசிரியர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆண் மாணவர்களிடமிருந்தும் புகார் வருகிறது, பெரும்பாலும் விடுதியிலிருந்து. 2013 சட்டம் பெண்களுக்கானது. யு.ஜி.சி. விதிமுறைகள் ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதை ஏற்கின்றன. அவர்கள் வரும்போதும் அதே அறை, அதே மேசை. அவர்களுக்குப் பேச்சு தொடங்க இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, சோம்பலால். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகித் துணிந்து புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு இணையத்தில் வெளியானது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஐந்தே மாதத்தில், 2025 மே மாதம், சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. புகார் கொடுத்தால் பலன் உண்டு என்று மாணவிகளிடம் சொல்ல இந்த வழக்கைத்தான் எடுக்கிறேன். அவர்கள் திருப்பிக் கேட்பது தண்டனையைப் பற்றி இல்லை. "பேரு வெளிய வந்துச்சே மேம்?"

அதற்குப் பதில் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். செய்துகாட்ட வேண்டும். குழுவின் காகிதங்களை அலுவலகக் கணினியில் அடிப்பதில்லை. அந்தப் பிரிண்டரில் விடுவதுமில்லை. உறுப்பினர்களுக்குப் பிரதி கூட்டத்தில் கையில் தரப்படும், கூட்டம் முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கப்படும். வாட்ஸ்அப் குரூப் கிடையாது. உறையின் மேல் துறையின் பெயர்கூட இருக்காது, கோப்பு எண் மட்டும். வெளி உறுப்பினராக ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிறவர், வளாகத்தில் எங்களோடு காபிகூடக் குடிப்பதில்லை. முதலில் கர்வம் என்று நினைத்தார்கள். காண்டீன் மேசையில் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், முகத்தைப் பார்த்தே பதிலை ஊகித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

விசாரணை முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை எழுதி நிர்வாகத்திடமும் இரு தரப்பிடமும் கொடுக்கிறோம். நடவடிக்கைக்குச் சட்டம் அறுபது நாள் தருகிறது, யு.ஜி.சி. முப்பது; மேல்முறையீட்டுக்குச் சட்டம் தொண்ணூறு, யு.ஜி.சி. முப்பது. எதிலும் குறைந்த கணக்கையே அவளிடம் சொல்கிறேன்.

புகார் மெய்ப்பிக்கப்படவில்லை என்று எழுத வேண்டிவந்த அறிக்கைகளும் உண்டு. அதைத் தபாலில் அனுப்பக் கூடாது. அதே அறையில், அதே மூலையில் உட்கார்ந்து அவளிடம் நானே சொல்கிறேன். "நிரூபிக்க முடியலன்னா நீ பொய் சொன்னேன்னு அர்த்தம் இல்லம்மா. சட்டத்துலயே அப்படி எழுதியிருக்கு, இங்க பாரு." 14ஆம் பிரிவைப் படித்துக் காட்டுவேன். மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதியை அறிக்கையின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன். அவள் தாள்களை அவர் திருத்தக் கூடாது என்ற ஏற்பாடு அந்த அறிக்கையோடு காலாவதி ஆகிவிட்டது என்று தேர்வுப் பிரிவு நினைக்கும். ஆகவே அதே நாளில் முதல்வரிடம் தனியாக ஒரு கடிதம் போகிறது. அவள் படித்து முடிக்கும்வரை அதை நீட்டிக்கச் சொல்லி. இதுவரை எந்த முதல்வரும் மறுத்ததில்லை. துறைக்குப் புது ஹெச்.ஓ.டி. பொறுப்பேற்றால் முதல் வாரமே போய், இந்தப் பிரிவுக்கு இந்தத் தாளை இன்னார்தான் திருத்துவார் என்று சொல்லிவிட்டு வருகிறேன். காரணம் கேட்பார்கள். சொல்வதில்லை.